பன்னிரண்டு கூடைகள்

பொதுக்காலம் 17ஆம் ஞாயிறு, 25 ஜூலை 2021. தாத்தா பாட்டியர், முதியோருக்கான முதல் உலக நாள். சங்கரன்கோவில்.



இராச்சாப்பாடு முடிந்ததும் பானையில் மிஞ்சின சோற்றைத் திறந்து பார்ப்பது நம் வீடுகளில் யார்? பிள்ளைகள் கை கழுவிவிட்டு எழுந்து போயிருப்பார்கள். மகன் செல்போனைப் பார்த்துக்கொண்டிருப்பான். மருமகளுக்குப் பாத்திரம் கழுவும் வேலை கிடக்கும். ஆச்சிதான் மெதுவாக அடுப்படிக்கு வந்து மூடியைத் தூக்கிப் பார்ப்பாள். மிஞ்சின சோற்றில் தண்ணீர் ஊற்றி வைப்பாள். காலையில் அது வெங்காயத்தோடு பழையது ஆகும். மிஞ்சின இட்லியை உதிர்த்துத் தாளித்துவிடுவாள். ஒரு பருக்கையும் வீணாகக் கூடாது. மழை பொய்த்த வருசங்களைக் கரிசல் காட்டில் பார்த்தவள் அவள்.

இன்று நாம் கேட்ட யோவான் நற்செய்தியில் நம் ஆண்டவர் ஆச்சியின் அதே வேலையைச் செய்கிறார். மலைப்பக்கம், புல்தரை, ஆண்கள் மட்டுமே ஐயாயிரம் பேர் கொண்ட கூட்டம். ஒரு சிறுவனின் கையில் ஐந்து வாற்கோதுமை அப்பம், இரண்டு மீன். எல்லாரும் வயிறார உண்டு முடித்தபின் இயேசு சீடர்களுக்கு ஒரு வேலை கொடுக்கிறார்: மிஞ்சிய துண்டுகளில் ஒன்றும் வீணாகாதபடி சேர்த்து எடுக்கச் சொல்கிறார். அவர்களும் குனிந்து பொறுக்குகிறார்கள். பன்னிரண்டு கூடை நிறைகிறது.

அற்புதத்தை நாம் ஆசையோடு கேட்கிறோம். கடைசியில் வரும் இந்தப் பொறுக்குகிற காட்சியை வேகமாகக் கடந்துவிடுகிறோம். ஐந்து அப்பத்தை ஐயாயிரம் பேருக்குப் பெருக்கத் தெரிந்தவருக்குத் துண்டுகள் எதற்கு? நாளைக்கு வேண்டுமென்றால் நாளைக்கும் பெருக்கிக்கொள்ளலாமே? ஆனாலும் அவர் விடவில்லை. தாம் கையில் எடுத்து, நன்றி சொல்லி, பிட்டுக் கொடுத்த அப்பத்தின் எந்தத் துண்டும் புல்லில் கிடந்து மிதிபடுவதை அவர் மனம் தாங்கவில்லை. அந்தத் துண்டும் அவர் கைபட்டதுதானே.

சகோதர சகோதரிகளே, இந்த ஒன்றரை வருசக் கொள்ளைநோய்க் காலத்தில் நம் நடுவே சேர்த்து எடுக்கப்படாமல் கிடந்தவர்கள் யார்?

2020 மார்ச் 25 அன்று நாடு முழுக்க ஊரடங்கு வந்தது. நம் ஊரில் விசைத்தறிச் சத்தம் நின்றது. ஏப்ரல் 5, குருத்து ஞாயிறு. குருத்தோலை பிடித்துத் தெருவில் ஓசன்னா பாட ஒருவரும் இல்லை. ஏப்ரல் 12, உயிர்ப்புப் பெருவிழா. பாஸ்கா மெழுகுதிரியைப் பீடத்தில் ஏற்றிவைத்துவிட்டுத் திரும்பினால் காலி இருக்கைகள்தான். நம் ஊரின் போன வருச ஆடித்தபசுத் திருவிழாவும் கூட்டமில்லாமல் போனது. அன்றைக்கு நம் இந்துச் சகோதரர்கள் வீட்டுப் பெரியவர்களும், நம் வீட்டுப் பெரியவர்கள் மாதிரியே, வாசல்படியில் உட்கார்ந்து வெறுந்தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தத் துயரத்தில் மத வித்தியாசம் இல்லை.

பிறகு கோயில்களைத் திறக்கலாம் என்றார்கள். கூடவே ஒரு விதியும் வந்தது: 65 வயதைத் தாண்டியவர்கள் வீட்டிலேயே இருப்பது நல்லது. அந்த விதியைக் குறை சொல்ல மாட்டேன். இந்த நோய் வயதானவர்களைத்தான் கடுமையாகத் தாக்கியது. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இருந்தவர்களை மூச்சுவிட முடியாமல் ஆக்கியது. உயிரைக் காக்கச் சொன்ன விதி அது. ஆனால் நடந்ததை எண்ணிப் பாருங்கள். தினமும் காலை முதல் பூசைக்கு, மணியடிக்கும் முன்பே வந்து கதவோரம் காத்திருப்பவர்கள் அவர்கள்தான். முன்வரிசைப் பெஞ்சு அவர்களுடையது. கோயிலைத் திறந்த நாளில், கோயிலே கதி என்று இருந்தவர்களுக்கு மட்டும் வழி இல்லை.

வீட்டிலேயே இருங்கள் என்று சொன்னோம். சொன்னதும் சரிதான். சொன்ன பிறகு அந்த வீட்டுக்கு எத்தனை முறை போனோம்? உள்ளே போகக் கூடாது, உண்மை. ஜன்னலுக்கு வெளியே நின்று, ஆச்சி சாப்பிட்டாச்சா என்று கேட்க எந்த அரசாணையும் தடை போடவில்லை. பாதுகாக்கிறோம் என்று கதவைச் சாத்தினோம். நாளாக ஆக, சாத்திய கதவே பழக்கமாகிவிட்டது. அவர்கள் பத்திரமாக இருக்கிறார்கள் என்று நமக்கு நாமே சொல்லிக்கொண்டோம். பத்திரமாக இருப்பதும் துணையோடு இருப்பதும் ஒன்றா?

பெரியவர்கள் அந்த நாட்களை எப்படிக் கழித்தார்கள் என்பது எனக்குக் கொஞ்சம் தெரியும். மாதா தொலைக்காட்சியில் பூசை தொடங்கும்போது தலையில் முந்தானையை இழுத்துவிட்டு, முழங்கால் வலியோடு தரையில் மண்டியிட்டார்கள். மூவேளைச் செபமணி கேட்டதும் கையிலிருந்த வேலையை நிறுத்தினார்கள். “சாமி, டிவியில பூச பாத்தா, பூச கண்ட கணக்காகுமா?” என்று கேட்டவர்கள் உண்டு. நன்மை வாங்க முடியாத ஏக்கத்தில் அழுதவர்களும் உண்டு. அவர்களுக்குச் சொன்னதை உங்கள் எல்லாருக்கும் இன்று சொல்கிறேன். உங்கள் ஆசையை ஆண்டவர் பார்த்தார். கூட்டம் கூட முடியாதபோது, பூட்டிய கதவு வழியாக உள்ளே வந்து சீடர்கள் நடுவில் நின்று, அமைதி தந்தவர் அவர். உங்கள் வீட்டுக் கதவும் அவருக்குத் தடையாக இருந்திருக்காது.

2020 மார்ச் 27 மாலை, மழை தூறிக்கொண்டிருந்த புனித பேதுரு பேராலய வளாகத்தில் நம் திருத்தந்தை பிரான்சிஸ் தனியாக நடந்து வந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தீர்கள். இலட்சம் பேர் நிற்கும் இடத்தில் ஒருவரும் இல்லை. ஒரு காலை இழுத்து நடந்த அந்த வயதான மனிதர், புயலில் சிக்கிய படகைப் பற்றிய நற்செய்தியை வைத்து நமக்காக மன்றாடினார். அவர்தான் இந்த ஆண்டு ஜனவரி 31 அன்று, இனி ஒவ்வோர் ஆண்டும் ஜூலை நான்காம் ஞாயிறு தாத்தா பாட்டியருக்கும் முதியோருக்குமான நாள் என்று அறிவித்தார். நாளை ஜூலை 26, கன்னி மரியாவின் பெற்றோர் புனித சுவக்கின், அன்னா திருவிழா. அதையொட்டி இந்த நாள். அவர் இதற்காக எழுதிய செய்திக்கு எடுத்துக்கொண்ட கருப்பொருள், மத்தேயு நற்செய்தியின் முடிவில் ஆண்டவர் தரும் வாக்கு: உலகம் முடியும்வரை கூடவே இருப்பேன் என்ற அந்த வாக்கு.

இம்மாதம் 4ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை திருத்தந்தைக்குக் குடலில் அறுவைச்சிகிச்சை நடந்தது. மறுநாள் 5ஆம் தேதி திங்கட்கிழமை தமிழ்நாட்டில் வழிபாட்டுத் தலங்கள் மறுபடி திறந்தன. நாமும் நம் கோயில் கதவைத் திறந்தோம். ரோமில் திருத்தந்தை மருத்துவமனைப் படுக்கையில் இருந்த அதே திங்கட்கிழமை, மும்பையில் ஒரு மருத்துவமனையில் இன்னொரு இயேசு சபைக் குரு, இன்னொரு 84 வயதுக்காரர், கண்ணை மூடினார். நம் தமிழ் மண்ணின் பிள்ளை. திருச்சி மாவட்டம் விரகாலூரில் 1937இல் பிறந்த அருட்தந்தை ஸ்டேன் சுவாமி.

அவரைப் பற்றிச் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். ஜார்க்கண்டில் ஆதிவாசி மக்களின் நிலத்துக்காகவும், விசாரணையின்றிச் சிறையில் கிடந்த அவர்களுடைய பிள்ளைகளுக்காகவும் பல்லாண்டுகள் உழைத்தவர். 2020 அக்டோபர் 8 இரவு பீமா கோரேகான் வழக்கில் கைதாகி, மும்பை அருகே தலோஜா சிறைக்குக் கொண்டுபோகப்பட்டார். குற்றச்சாட்டுகளை அவர் மறுத்தார். வழக்கு விசாரணை தொடங்கவே இல்லை. பார்க்கின்சன் நோயால் இரண்டு கையும் நடுங்கும். தம்ளரைப் பிடித்துத் தண்ணீர் குடிக்க முடியாது. உறிஞ்சிக் குடிக்க ஒரு குழாயும் மூடியிட்ட குவளையும் வேண்டும் என்று நீதிமன்றத்தில் மனுப்போட வேண்டியிருந்தது.

அந்த வழக்கைப் பற்றி இந்தப் பீடத்தில் நின்று வாதாட நான் வரவில்லை. சிறையிலிருந்து அவர் நண்பர்களுக்கு எழுதிய கடிதத்தைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். அதில் தம்மைப் பற்றிய புலம்பல் இல்லை. தமக்கு உதவியவர்களை ஒவ்வொருவராகச் சொல்கிறார். அதே வழக்கில் சிறையிலிருந்த அருண் ஃபெரேரா காலையிலும் மதியத்திலும் சாப்பிட உதவுகிறார். வெர்னன் கொன்சால்வஸ் குளிக்க உதவுகிறார். அவருடைய அறையிலேயே இருந்த இரண்டு கைதிகள், மிக ஏழை வீட்டுப் பிள்ளைகள், இரவுச் சாப்பாட்டுக்கு உதவி, துணி துவைத்துத் தந்து, முழங்கால் மூட்டைப் பிடித்துவிடுகிறார்கள். அவர்களுக்காகச் செபியுங்கள் என்று கேட்கிறார். சிறைக்குள்ளும் மனிதம் பொங்கிக்கொண்டிருக்கிறது என்ற பொருள்பட முடிக்கிறார்.

அன்பார்ந்தவர்களே, கட்டுப்பாடுகள் நிறைந்த ஓர் இடத்தில், எதிலும் உரிமை இல்லாத மனிதர்கள், கை நடுங்கும் ஒரு கிழவரைக் குளிப்பாட்டி ஊட்டிவிட்டார்கள். நம்மிடம் திறந்த வாசலும், தண்ணீரும், நேரமும் இருந்தன. நாம் என்ன செய்தோம் என்று என்னையும் சேர்த்தே கேட்கிறேன்.

இவ்வாண்டு மே 21 அன்று காணொளி வழியாக உயர்நீதிமன்றத்தின் முன் ஸ்டேன் சுவாமி பேசினார். சிறைக்கு வந்தபோது தானே உண்ண, நடக்க, குளிக்க முடிந்தது; இப்போது ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கிறது என்றார். வேறு மருத்துவமனைக்கு அனுப்பலாமா என்று கேட்டபோது, தம் சொந்த மக்களோடு இருக்க வேண்டும் என்பதையே கேட்டார். அந்த மாதக் கடைசியில் பாந்திராவிலுள்ள திருக்குடும்ப மருத்துவமனைக்கு மாற்றினார்கள். அங்கே கொரோனா தொற்றும் தெரிந்தது. அவருடைய சொந்த மக்களிடம் அவர் திரும்பவில்லை.

தம்மவர்களோடு இருக்க வேண்டும். நம் தெருவில் படுத்த படுக்கையாக இருக்கும் தாத்தாவும் இதைத்தான் கேட்கிறார். மாத்திரை கேட்கவில்லை, பழம் கேட்கவில்லை. ‘கொஞ்ச நேரம் இரேன்’ என்கிறார். நாம் பழப்பையைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கிளம்புகிறோம்.

இன்றைய இரண்டாம் வாசகம் ஞாபகம் இருக்கிறதா? எபேசு மக்களுக்குப் பவுல் எழுதுகிறார். ஆண்டவருக்காகக் கைதியாக இருப்பவன் என்று சொல்லிக்கொண்டே தொடங்குகிறார். சிறையிலிருந்து அவர் கேட்பது என்ன? பெரிய காரியம் எதுவும் இல்லை. மனத்தாழ்மை, கனிவு, பொறுமை. அன்பினால் ஒருவரை ஒருவர் தாங்கிக்கொள்வது. நம் வீட்டுக்குள் இந்தப் பொறுமைக்குத்தான் பஞ்சம். சொன்னதையே சொல்லும் தாத்தா. கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டே தேடும் ஆச்சி. பேரனைப் பார்த்து இறந்துபோன தம்பியின் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் பெரியம்மா. சீராக் ஞானி இதை அன்றைக்கே அறிந்திருந்தார்: தந்தையின் அறிவு மங்கிப்போனாலும் பொறுத்துக்கொள், உன் இளமையின் வலிமையை வைத்து அவரை இகழாதே என்ற பொருளில் எழுதிவைத்தார். பெற்றோருக்குக் காட்டும் இரக்கம் மறக்கப்படாது என்றும் அங்கேயே சொல்கிறார்.

இந்த இடத்தில் நம் மருமகள்களைப் பற்றிப் பேசாமல் போனால் அது நன்றிகேடு. ஊரடங்கில் தறி ஓடவில்லை, வருமானம் இல்லை, பள்ளிக்கூடம் மூடியாயிற்று, பிள்ளைகள் எல்லாரும் வீட்டில். அத்தனைக்கும் நடுவில் மாமியாரைத் தூக்கி உட்காரவைத்து, துணி மாற்றி, கஞ்சி ஊட்டியவள் ஒருத்தி எத்தனையோ வீடுகளில் இருந்தாள். அவளுக்கு யாரும் பொன்னாடை போர்த்தவில்லை. சில நாள் அவளும் எரிந்து விழுந்திருப்பாள். இராத்திரி படுக்கையில் அதற்காக அழுதிருப்பாள். மகளே, பாதம் கழுவிய ஆண்டவருக்கு உன் வேலை தெரியும். நீ எரிந்து விழுந்த நாளை அவர் கணக்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. ஆண்பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: தாயைக் கவனிப்பது மனைவியின் பொறுப்பு மட்டும் என்று எந்தக் கட்டளையிலும் இல்லை. சிலுவையில் தொங்கிக்கொண்டு நம் ஆண்டவர் தம் தாயை ஒப்படைத்தது ஓர் ஆண் சீடரிடம். அவர்தான் அந்தத் தாயைத் தம் வீட்டில் ஏற்றுக்கொண்டார்.

இனி, சொல்லத் தயங்கிக்கொண்டிருந்த ஒன்றுக்கு வருகிறேன். இந்த ஏப்ரலும் மேயும் நம்மில் பலருக்கு ஆறாத புண். ஏப்ரல் 26 முதல் கோயிலில் மக்கள் கூட முடியவில்லை. மே மாதம் முழு ஊரடங்கு. ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்ட அம்மாவை மறுபடி முகம் பார்க்காதவர்கள் இங்கே இருக்கிறீர்கள். திருப்பூரிலும் வளைகுடாவிலும் வேலையில் இருந்து, அப்பாவின் அடக்கத்தைச் செல்போன் திரையில் பார்த்தவர்கள் உண்டு. பக்கத்திலேயே இருந்தும் பயத்தினால் உள்ளே போகாதவர்களும் உண்டு. கடைசி நேரத்தில் நோயில் பூசுதல் கொடுக்கக் குரு வர முடியவில்லையே, அம்மா வெறுமனே போய்விட்டாளே என்று பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அழுகிறீர்கள்.

கேளுங்கள். 2020 மார்ச் 20 அன்றே, இந்தியாவில் ஊரடங்கு வருவதற்கு முன்பே, திருச்சபை இதை நினைத்துவிட்டது. திருத்தந்தையின் பாவமன்னிப்பு மன்றம் ஓர் ஆணை வெளியிட்டது. இந்தக் கொள்ளைநோயில் மரணத் தறுவாயில் இருப்பவர், நோயில் பூசுதல் பெற முடியாமல் போனாலும், தகுந்த மனநிலையோடு இருந்து, வாழ்நாளில் செபிக்கும் வழக்கம் உடையவராக இருந்தால், அவருக்குப் பரிபூரணப் பலன் உண்டு என்றது. வழக்கமாக அதற்கு வேண்டிய நிபந்தனைகளை அவருக்காகத் திருச்சபையே நிறைவு செய்யும் என்றது. உன் அம்மா வாழ்நாளெல்லாம் இராத்திரி ஏழு மணிக்குச் செபமாலை சொன்னாளே, தூக்கம் கண்ணை இழுக்க இழுக்கச் சொன்னாளே, அந்தச் செபங்களை நம்பித் தாய்த் திருச்சபை அவளுக்கு வழிவிட்டிருக்கிறது. ஒவ்வொரு செபமாலையிலும் ஐம்பத்துமூன்று தடவை, சாகும் நேரத்தில் தனக்காக வேண்டிக்கொள்ளும்படி மாதாவைக் கேட்டவள் அவள். அந்த நேரம் வந்தபோது மாதா வராமல் இருந்திருப்பாளா?

நீ பக்கத்தில் இல்லாத அந்த மணிநேரத்தை ஆண்டவர் நிரப்பினார். பயந்து விலகினவர்களுக்கும் இதையே சொல்வேன். ஆண்டவரை விட்டு எல்லாச் சீடரும் ஓடினார்கள். உயிர்த்தெழுந்தவர் அவர்களைத் தேடிப் போனபோது, ஓடியதைப் பற்றிக் கேட்கவில்லை. கடற்கரையில் மீன் சுட்டு வைத்துச் சாப்பிடக் கூப்பிட்டார்.

பிள்ளைகளே, இளையோரே, இனி உங்களிடம். இன்றைய நற்செய்தியில் அந்திரேயா சிறுவனைப் பற்றி ஆண்டவரிடம் சொல்கிறார். சொல்லும்போதே இத்தனை பேருக்கு இது எப்படிப் போதும் என்று சந்தேகமும் படுகிறார். நான்கு நற்செய்திகளிலும் இந்த அற்புதம் இருக்கிறது. அந்தச் சிறுவனைப் பற்றிச் சொல்வது யோவான் மட்டும்தான். அவன் பெயர் எழுதப்படவில்லை. வாற்கோதுமை ஏழைகள் சாப்பிடும் தானியம். இருந்ததை அவன் கொடுத்தான்.

உங்களிடம் இருப்பது கால், கண், செல்போன். ரேஷன் கடையில் விரல் ரேகை இயந்திரம் நம் பெரியவர்களின் விரலை அடையாளம் காண மறுக்கிறது. வருசக்கணக்காகத் தறியில் நூலை இழுத்தும், பீடி சுற்றியும் தேய்ந்த விரல் அது. ஜூன் மாதம் அரசு கொடுத்த 14 வகை மளிகைப் பொருளையும் 2000 ரூபாயையும் வாங்க வரிசையில் நிற்கத் தெம்பில்லாமல் இருந்தவர்கள் உண்டு. முதியோர் உதவித்தொகை 1000 ரூபாய் வந்ததா என்று வங்கியில் கேட்கத் தெரியாதவர்கள் உண்டு. அவர்களோடு போங்கள். போய்ச் சாமானை மட்டும் வாங்கிக் கொடுத்துவிட்டு வராதீர்கள். முடிந்தால் அவர்களையும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போங்கள். வெளியுலகத்தைப் பார்த்து அவர்களுக்கு எவ்வளவு நாளாயிற்று.

தடுப்பூசி விஷயத்திலும் அப்படித்தான். 60 வயதைத் தாண்டியவர்களுக்கு மார்ச் 1 முதல் போடுகிறார்கள். நம்மில் பலர் இன்னும் போடவில்லை. காரணம் எனக்குத் தெரியும். நம் பக்கத்துப் பெருங்கோட்டூரைச் சொந்த ஊராகக் கொண்ட நடிகர் விவேக் ஏப்ரல் 15 அன்று ஊசி போட்டுக்கொண்டு, 17ஆம் தேதி மாரடைப்பில் இறந்தார். நம் வீட்டுப் பிள்ளை இறந்ததுபோல் இந்த வட்டாரமே கலங்கியது, பயமும் ஒட்டிக்கொண்டது. இதயக் குழாயில் இருந்த அடைப்புதான் காரணம், ஊசி இல்லை என்று மருத்துவர்கள் தெளிவாகச் சொன்னார்கள். திருத்தந்தை 84 வயதில் ஜனவரியிலேயே போட்டுக்கொண்டார். பயப்படும் பெரியவரைப் பரிகாசம் பண்ணாதீர்கள், அதட்டாதீர்கள். கூடப் போய், போட்டு முடித்தபின் அரைமணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். ராத்திரி காய்ச்சல் வந்தால் கூப்பிட ஒரு நம்பர் கொடுத்துவிட்டு வாருங்கள். பயம் பாதி அதிலேயே போய்விடும்.

அன்பியப் பொறுப்பாளர்கள், மரியாயின் சேனை, வின்சென்ட் தே பவுல் சபையார் எல்லாரும் கவனியுங்கள். ஒவ்வோர் அன்பியத்திலும் தனியாக இருக்கும் பெரியவர்கள் யார் யார் என்று உங்களுக்குத் தெரியும். ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு துணை என்று வையுங்கள். தினமும் ஒரு தடவை வாசலில் நின்று பேசவேண்டும், அவ்வளவுதான் கேட்கிறேன். மாலைச் செபமாலையைப் போனில் ஒருவர் தொடங்க மற்றவர்கள் சேர்ந்துகொள்ளலாம். போன வருசம் சில வீடுகள் அப்படிச் செய்ததை நான் அறிவேன். நம் கோயில் பதிவேட்டில் பெயர் இல்லாத பெரியவரும் அடுத்த வீட்டில் இருந்தால் அவரும் உங்கள் பொறுப்புதான். மலைப்பக்கத்தில் பந்தி உட்காரவைத்தபோது நம் ஆண்டவர் எவரிடமும் யார் எவர் என்று விசாரிக்கவில்லை. இன்று ஒரு முதியவரைச் சந்தித்து நேரம் செலவிடுகிறவர்களுக்கு, நேரில் முடியாமல் போனில் பேசுகிறவர்களுக்கும்கூட, வழக்கமான நிபந்தனைகளோடு திருச்சபை பரிபூரணப் பலன் வழங்குகிறது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தூங்கப் போகும் முன் ஒரு வீட்டுக்குப் போய்விட்டு வாருங்கள்.

கடைசியாக, எங்கள் தாத்தாக்களே, ஆச்சிகளே. உங்களைப் பற்றியே இவ்வளவு நேரம் பேசினேன். உங்களோடு பேச வேண்டாமா?

நீங்கள் பாரம் என்று நினைக்கிறீர்கள். பிள்ளைகளுக்குத் தொந்தரவு, ஆண்டவர் சீக்கிரம் எடுத்துக்கொண்டால் நல்லது என்று முதல் வெள்ளி நன்மை கொண்டுவரும்போது என்னிடம் சொல்கிறீர்கள். குழந்தை இயேசுவைக் கோயிலில் அடையாளம் கண்டவர்கள் யார்? குருக்கள் அத்தனை பேர் இருந்தார்கள். கண்டுகொண்டவர்கள் சிமியோன் தாத்தாவும் அன்னா ஆச்சியும். அன்னாவுக்கு அப்போது வயது 84 என்று லூக்கா குறித்து வைத்திருக்கிறார். கைம்பெண்ணாக, கோயிலை விட்டு அகலாமல், நோன்பும் செபமுமாக இருந்தவள். எல்லாரும் மறந்துபோன ஒரு மூலையில் இருந்த அவள்தான் அந்தப் பிள்ளையைப் பற்றி எருசலேமின் மீட்புக்குக் காத்திருந்த அனைவரிடமும் பேசினாள்.

திருத்தந்தை தம் செய்தியில், விசுவாசத்தைப் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுக்கும் வேலையிலிருந்து ஓய்வு கிடையாது என்ற கருத்தைச் சொல்லியிருக்கிறார். ரோமின் ஆயராக அழைக்கப்பட்டபோது தாமே ஓய்வு பெறும் வயதில் இருந்ததையும் சொல்கிறார். இந்த ஊரடங்கில் பள்ளியும் மறைக்கல்வி வகுப்பும் மூடிக் கிடந்தபோது, நம் பிள்ளைகளுக்குப் பத்துக் கட்டளையையும் மனவல்லயச் செபங்களையும் சொல்லிக் கொடுத்தது யார்? அடுத்த ஆண்டு புதுநன்மை எடுக்கப் போகும் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள், ‘ஆச்சி சொல்லித் தந்தா’ என்பார்கள். பஞ்சத்தையும் வாந்திபேதியையும் அம்மையையும் பற்றி உங்கள் தாய்தந்தை சொன்ன கதைகள் உங்களிடம்தான் இருக்கின்றன. அந்தக் காலத்திலும் சனங்கள் ஒருவருக்கொருவர் கஞ்சி காய்ச்சி ஊற்றித்தான் பிழைத்தார்கள் என்பதைப் பேரனுக்குச் சொல்லுங்கள். பயந்து கிடக்கும் பிள்ளைகளுக்கு அது வேண்டும்.

படுத்த படுக்கையில் இருந்தாலும் உங்களுக்கு வேலை இருக்கிறது. மருத்துவமனைகளில் பணியாற்றும் செவிலியருக்காக, தொற்றில் இறந்த குருக்கள், அருட்சகோதரிகளுக்காக, பெற்றோரை இழந்த குழந்தைகளுக்காக, சிறையில் இருக்கும் முதியவர்களுக்காகச் செபியுங்கள். உங்கள் செபத்தை நம்பித்தான் இந்தப் பங்கு நடக்கிறது, நானும் நடக்கிறேன்.

இன்று காணிக்கைப் பவனியில் அப்பமும் இரசமும் கொண்டுவரப் போவது நம் பெரியவர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பிள்ளை துணைக்கு நடப்பான். முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள், வாசலில் கைக்குச் சானிடைசர் வைத்திருக்கிறது. பாடகர் குழுவினரே, அவர்கள் மெதுவாகத்தான் வருவார்கள். பீடம் வந்து சேரும் முன் பாட்டு முடிந்துபோனால் மறுபடியும் முதலிலிருந்து பாடுங்கள்.

இப்போது எழுந்து நம் விசுவாசத்தை அறிக்கையிடுவோம். எழ முடியாதவர்கள் உட்கார்ந்தே சொல்லுங்கள்.